பெயர் சுரண்டிய தட்டுகள்

ரெய்னர்ஸ் லேன்
13 ஜூன் 2025

தம்பி பாலேந்திரா,

முப்பத்தெட்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். சுகமா என்று கேட்டால் நீ சிரிப்பாய். ஆனபடியால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று மகள் பிரமிளா என்னை லூயிஷாம் சிவன் கோயிலுக்குக் கொண்டுபோனாள். பூசை முடிய அவள் மரக்கறி வாங்கச் சந்தைக்குப் போய்விட்டாள். எனக்குச் சலரோகம், சீனி வருத்தம். அவசரம் வந்தால் பொறுக்க ஏலாது. பக்கத்துத் தெருவில் ஒரு பழைய கட்டடத்து வாசலில் 'வருகிறவர்களுக்கு ரொய்லெட் உண்டு' என்று எழுதியிருந்தது. உள்ளே போனேன். நடந்தது இவ்வளவுதான். உன்னைத் தேடி வந்ததாக நினைத்துக்கொள்ளாதே.

திரும்பி வெளியே வந்தால் அலுமாரி உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள். ரெகே பாட்டின் வேர் எங்கே இருக்கிறது, ஜமேக்காவில் இருந்து வந்த சனம் அதை இந்த ஊரில் எப்படி வளர்த்தது என்று காட்டுகிற இல்லமாம். கவுன்சில் நடத்துவதில்லை, அந்தத் தெருச் சனமே நடத்துகிறது. ஜோய்ஸ் என்று ஒரு அம்மா, அறுபது வயதிருக்கும், என்னைச் சும்மா போகவிடாமல் இருத்தித் தேத்தண்ணி தந்தா. அங்கே ஒரு சட்டம் இருக்கிறதாம். பொருளைக் கொடுத்தவர்தான் அதன் கீழே உள்ள அட்டையையும் தன் கைப்பட எழுத வேண்டும். அதற்குள் தேவாலயத்துப் பெண்கள் கொஞ்சப் பேர் பார்க்க வந்தார்கள். ஜோய்ஸ் அவர்களுக்காக அந்த ஸ்பீக்கர் செட்டைப் போட்டுவிட்டா. கோப்பை தட்டில் நின்று நடுங்கியது. நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ தவில் அடித்தது போல இருந்தது. இந்தச் சத்தத்துக்கோ நீ நேரம் காலம் இல்லாமல் ஓடித் திரிந்தாய் என்று எனக்குப் பழைய கோபம்தான் வந்தது.

பிறகு சுவரில் உன் படத்தைக் கண்டேன். 1986. சோல்டரிங் அயனும் கையுமாக நிற்கிறாய். 'பாலா, எங்கள் அம்பிளிபயர்க்காரன்' என்று எழுதியிருக்கிறது. இப்போதும் ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில் நீ வந்து வயர் திருத்துகிறாய் என்று ஜோய்ஸ் சொன்னா. அதற்குப் பக்கத்தில் ஒரு பலகை. இசைத்தட்டுகளின் லேபிளைச் சுரண்டி எடுப்பது, ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுகிற செட்டுக்காரரின் வழக்கம் என்று அதில் இருக்கிறது. எதிர்ச் செட்டுக்காரன் எட்டிப் பார்த்து, இது எந்தப் பாட்டு என்று அறியக்கூடாதாம். இரண்டு தரம் வாசித்தேன்.

1987இல் என் வீட்டில் உன் கட்டிலுக்குக் கீழே அறுபது தட்டைக் கண்டேன். ஒன்றிலாவது பெயர் இல்லை. அந்தக் கிழமைதான் லூயிஷாமில் ஒரு ரெக்கோட் கடையை உடைத்ததாகப் பேப்பரில் வந்தது. களவு மால் என்று நினைத்துத்தான் உன்னை வீட்டை விட்டுப் போகச் சொன்னேன். நேற்றுத்தான் எனக்கு விளங்கியது. நான் பிழை விட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீயும் அப்போது வடிவாக எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

அந்த அறுபது தட்டும் உள்ள பெட்டி என்னிடம்தான் இருக்கிறது. உன் முகவரி தெரியாததால் இல்லத்தின் முகவரிக்கு அனுப்புகிறேன்.

உன் அண்ணன்
இராஜேந்திரன்


பிளேஸ்டோ
18 ஜூன் 2025

திரு. இராஜேந்திரன் அவர்களுக்கு,

முப்பத்தெட்டு இல்லை. முப்பத்தேழு வருஷமும் ஏழு மாதமும். உங்கள் முகவரியை நான் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. நவம்பர் மழையில் வெளியே நின்று அந்தக் கதவின் இலக்கத்தைக் கனநேரம் பார்த்திருக்கிறேன்.

'வடிவாக எடுத்துச் சொல்லியிருக்கலாம்.' அந்த வரியோடு உங்கள் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு, இதற்கு மேலும் என்ன திமிர் எழுதியிருக்கிறீர்கள் என்று பார்க்க எடுத்து விரித்தேன்.

நான் சொன்னேன். உங்கள் குசினியில் நின்று சொன்னேன். "அண்ணை, இது செட்டுக்காரரின்ரை வழக்கம். மற்றச் செட்டுக்காரன் தோளுக்கு மேலாலை எட்டிப் பாப்பான். பேரைக் கண்டானெண்டால் அடுத்த கிழமை அவனும் அதையே போடுவான். அதுதான் சுரண்டுறது." இதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? கன்னத்தைப் பொத்தி அடித்தீர்கள். "கள்ளனுக்கு வாய் வேறை" என்றீர்கள். எனக்கு இருபத்துநாலு வயது. மங்கலம் அண்ணி அகப்பையோடு பார்த்துக்கொண்டு நின்றா.

அந்தப் பலகையில் இருப்பது நான் குசினியில் சொன்ன அதே சொற்கள்தான். என் வாயால் வந்தபோது அது கள்ளனின் கதை. சுவரில் ஆணி அடித்து மாட்டியதும் உண்மையாகிவிட்டது. இரண்டு தரம் வாசித்தீர்களே, கீழே யார் எழுதியது என்று பார்த்தீர்களா? சின்ன எழுத்தில் பெயர் இருக்கிறது. நான்தான் எழுதினேன்.

இன்னொன்று. அந்தப் பலகைக்குப் பக்கத்தில், ஒரு கை எட்டுகிற தூரத்தில், இரண்டு தட்டுகளைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. ஒன்றில் லேபிள் இருக்கிறது, மற்றதில் இல்லை. அதன் கீழும் ஒரு அட்டை இருக்கிறது. இரண்டு பக்கம் எழுதிய நீங்கள் அதைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. ஏன்?

'பெட்டி என்னிடம்தான் இருக்கிறது' என்று பெரிய உபகாரம் போல எழுதியிருக்கிறீர்கள். என் பெட்டியை நீங்கள் ஏன் வைத்திருந்தீர்கள்?

சனிக்கிழமைகளில் லூயிஷாம் பக்கம் வராதீர்கள்.

பாலேந்திரா


ரெய்னர்ஸ் லேன்
22 ஜூன் 2025

பாலேந்திரா,

'திரு' போட்டு எழுதுகிற அளவுக்கு வந்துவிட்டாய். உன்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டெடுத்தவன் யார்? ஹீத்ரோவில் உனக்குக் கோட்டுக் கொண்டுவந்து போட்டவன் யார்? அதையும் அந்தச் சுவரில் எழுதி மாட்டியிருக்கிறாயா?

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. காலையில் தபால் கந்தோர், பின்னேரம் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட். விசாக் கடதாசி முடிவில்லாமல் கிடந்தது. மங்கலத்தின் வயிற்றில் பிரமிளா. வீட்டில் களவு மால் அகப்பட்டிருந்தால் எல்லாரையும் சேர்த்து விமானத்தில் ஏற்றியிருப்பான்கள். நீயோ எந்த நேரம் பார்த்தாலும் ஸ்பீக்கர் பெட்டி தூக்கிக்கொண்டு அந்தச் செட்டுக்காரரோடு லொறியில் திரிந்தாய். படிக்க வந்தவன் செய்கிற வேலையா அது? பயந்தவன் அடிப்பான். நான் பயந்தேன்.

பெட்டியை ஏன் வைத்திருந்தேன் என்று கேட்கிறாய். சாட்சிக்கு வைத்திருந்தேன். பொலிஸ் வந்தால் இது அவனுடைய சாமான், என்னுடையதில்லை என்று காட்டுவதற்கு. இப்போது சந்தோஷமா?

பக்கத்தில் மாட்டியிருந்த தட்டுகளை நான் கவனிக்கவில்லை. வாசிக்கிற கண்ணாடியைக் காரில் விட்டுவிட்டுப் போயிருந்தேன். அதில் என்ன பெரிய விஷயம் எழுதியிருக்கப் போகிறது?

அடுத்து நீ அம்மாவின் கதைக்குத்தான் வருவாய். நீ களவெடுத்தாய் என்று ஊரில் இருந்த அம்மாவுக்கு நான் எழுதியது உண்மைதான். மூத்தவன் எழுதாமல் யார் எழுதுவது? அது பிழையென்றால் நீ அம்மாவுக்கு எழுதியிருக்கலாமே. உன் கையை நான் கட்டி வைத்தேனா? அம்மா போகும்வரை ஒரு வரி போடாமல் இருந்துவிட்டு இப்போது என்னிடம் நியாயம் கேட்கிறாய்.

பிளேஸ்டோ என்று மட்டும் தலைப்பில் போடுகிறாய். வீதியும் இல்லை, இலக்கமும் இல்லை. நான் என்ன, உன் வீட்டு வாசலில் வந்தா நிற்கப்போகிறேன்?

இராஜேந்திரன்


பிளேஸ்டோ
27 ஜூன் 2025

திரு. இராஜேந்திரன்,

உங்கள் கண்ணாடி அதிசயமான கண்ணாடி. காரில் இருந்தபடியே என் பலகையை இரண்டு தரம் வாசித்திருக்கிறது. பக்கத்து அட்டை மட்டும் அதற்குத் தெரியவில்லை. பொய் சொல்கிறவர் முந்திய கடிதத்தில் என்ன எழுதினோம் என்று ஒரு பிரதி வைத்திருக்க வேண்டும்.

அம்மாவுக்கு நான் எழுதவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? மூன்று கடிதம் எழுதினேன். அந்த நேரம் யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் போன விதம் உங்களுக்குத் தெரியும். இந்திய ஆமி நின்ற காலம். கொழும்புக்குப் போகிற யாரையாவது பிடித்துக் கையில் கொடுத்துவிட வேண்டும். மூன்றில் ஒன்று போய்ச் சேர்ந்தது. அதற்கு ஒரு பதிலும் வந்தது. அடுத்த வருஷம் ஐப்பசியில். அம்மாவின் கையெழுத்து, நாலே வரி. இதை நான் யாருக்கும் காட்டியதில்லை. உங்களுக்காகப் பிரதி பண்ணுகிறேன், நன்றாக வாசியுங்கள்.

'மோனை, அண்ணை எல்லாம் எழுதினவன். நீ ஒண்டையும் மறைக்காதை. எடுத்ததைத் திருப்பிக் குடுத்திடு அப்பு. குடுத்திட்டு அண்ணையின்ரை காலிலை விழு, அவன் மன்னிப்பான்.'

ஐந்து மாதத்தில் அம்மா செத்துப்போனா. தன் இளையவன் கள்ளன் என்று நம்பிக்கொண்டு செத்தா. நான் எழுதிய அத்தனை பக்கத்துக்கும் மேலாக நீங்கள் எழுதிய ஒன்றைத்தான் அவ நம்பினா, ஏனென்றால் நீங்கள் மூத்தவர். இந்தக் கடதாசியை நான் இத்தனை வருஷம் பொக்கற்றில் கொண்டு திரிகிறேன். மடிப்பு கிழிந்து, ஒட்டி, ஒட்டின இடமும் கிழிந்துவிட்டது. நீங்கள் இனியாவது இதை அறிந்துகொண்டு சாப்பிடுங்கள், அறிந்துகொண்டு படுங்கள்.

கண்ணாடி சிரமம் உள்ளவர் என்பதால் அந்த இரண்டு தட்டின் கீழே இருப்பதையும் பெரிய எழுத்தில் தருகிறேன். எழுதியது ஜோய்ஸ். தமிழ் என்னுடையது.

'இந்த இரண்டு தட்டிலும் இருப்பது ஒரே பாட்டு. ஒன்றில் பெயர் இருக்கிறது, மற்றதில் சுரண்டியிருக்கிறது. செட்டின் சொந்தக்காரரான என் அப்பா எவரட், 1987 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலய உடுப்போடு இவற்றை எடுத்துக்கொண்டு எங்கள் அம்பிளிபயர்க்காரனின் அண்ணன் வீட்டுக்குப் போனார். வித்தியாசத்தைக் காட்டி, அவன் கள்ளன் இல்லை என்று சொல்வதற்காக. கதவு திறக்கவில்லை.'

எனக்கு ஒரேயொரு கேள்வி. எவரட் வந்தபோது நீங்கள் வீட்டில் இருந்தீர்களா, இல்லையா? அதை எழுதுங்கள். அதை எழுத மனமில்லையென்றால் வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

பாலேந்திரா


ரெய்னர்ஸ் லேன்
6 ஜூலை 2025

தம்பி,

வீட்டில் இருந்தேன்.

இந்தச் சொல்லை எழுத ஒன்பது நாள் எடுத்தது. மூன்று தாள் கிழித்தேன். நேற்று பிரமிளா தேத்தண்ணிக்குச் சீனி போட்டுவிட்டாள் என்று கோப்பையைச் சிங்குக்குள் எறிந்து கத்தினேன். அவள் அழுதுகொண்டு போனாள். கோபம் அவள் மேல் இல்லை என்று அவளுக்குச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

கதவு திறக்கவில்லை என்பதுகூட முழு உண்மை இல்லை. சங்கிலியைக் கொழுவிவிட்டு நாலு விரல் அகலத்துக்குத் திறந்தேன். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கோட்டுக்குள் இருந்து இரண்டு தட்டை எடுத்து, அந்த இடைவெளிக்கு நேரே பிடித்தார். "சேர், ரெண்டிலையும் ஒரே பாட்டுத்தான். இது கடையிலை வாங்கினது, இது நாங்கள் சுரண்டினது. உங்கடை தம்பி தன்ரை உழைப்பிலை வாங்கினவன், நான் பக்கத்திலை நிண்டனான்" என்றார். அவர் இங்கிலிசில் சொன்னதை உனக்கு நான் தமிழில் எழுதுகிறேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. நேற்றுத்தான் விளங்கியது என்று நான் எழுதினது பச்சைப் பொய். அன்றைக்கே தெரியும். இத்தனை வருஷமும் தெரியும். அந்த இல்லத்தில் அவருடைய இரண்டு தட்டையும் சுவரில் கண்டேன். அட்டையையும் வாசித்தேன். ஜோய்ஸ் அம்மா "இன்னும் தேத்தண்ணி வேணுமோ" என்று கேட்டபோது ஓடித் தப்பி வந்தேன்.

முன்வீட்டு நடராஜா அண்ணை அன்றைக்குக் காரைக் கழுவிக்கொண்டு எங்கள் வாசலைப் பார்த்தபடி நின்றார். ஒரு கறுத்த மனிதர் என் வாசலில் நின்று எனக்குப் புத்தி சொல்கிறார், அதை அவர் பார்க்கிறார். எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. அந்த வெட்கத்தில் சாத்தினேன். வேறு ஒரு காரணமும் இல்லை. நானும் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

அம்மாவுக்கு எழுதின கடிதம் மூன்று நாளைக்கு முன்தான் ஒருவரின் கையில் போயிருந்தது. அடுத்த கிழமையும் ஒருவர் போனார். தாளை எடுத்து 'அன்புள்ள அம்மா' என்று எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. மூத்தவன் பிழைவிட்டான் என்று அம்மாவுக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. பிறகு எழுதுவோம், பிறகு எழுதுவோம் என்று தள்ளினேன். அதற்குள் அம்மா போய்விட்டா.

அம்மா உன்னை என் காலில் விழச் சொல்லி எழுதினது எனக்குத் தெரியாது. தெரியாது, தம்பி. என்னை மன்னித்துக்கொள்.

இராஜேந்திரன்


பிளேஸ்டோ
10 ஜூலை 2025

இராஜேந்திரன்,

சங்கிலி எனக்குத் தெரியும். நாலு விரல் இடைவெளியும் தெரியும். எவரட் அன்றைக்குப் பின்னேரமே வந்து எனக்குச் சொன்னார். "உன்ரை அண்ணனுக்கு விளங்கினது. நான் அவரின்ரை கண்ணைப் பாத்தனான். விளங்கித்தான் சாத்தினவர்" என்று சொல்லிவிட்டு, தொப்பியை மேசையில் வைத்தார். அவரின் முகத்துக்கு நேரே இந்த நாட்டில் எத்தனையோ கதவைச் சாத்தியிருக்கிறார்கள். ஆனால் இந்தக் கதவுக்கு அவர் எனக்காகப் போனவர்.

ஜோய்ஸ் அந்த அட்டையை எழுதும்போது சங்கிலியையும் எழுதத்தான் பார்த்தா. நான்தான் மறித்தேன். கதவு திறக்கவில்லை என்று மட்டும் எழுதச் சொல்லிக் கேட்டேன். வீட்டில் ஆளில்லையாக்கும் என்று வாசிக்கிற சனம் நினைத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டேன். என் அண்ணன் விளங்கிக்கொண்டே சாத்தினான் என்று ஊர் வாசிக்க எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. இப்போது அந்த வெட்கத்தை நினைக்க எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. உங்களுக்கு நான் ஏன் வெட்கப்பட வேண்டும்?

மன்னிப்பு வேண்டாம். அதுவும் ஒட்டிய உறைக்குள், எனக்கு மட்டும் தெரியக் கேட்கிற மன்னிப்பு வேண்டவே வேண்டாம். கள்ளன் என்று என்னை உறைக்குள் வைத்தா சொன்னீர்கள்? நடராஜாவிடம் சொன்னீர்கள். கோயிலில் சாப்பாட்டுப் பந்தியில் சொன்னீர்கள். பழைய மாணவர் கூட்டத்தில் சொன்னீர்கள். அதற்குப் பிறகு இந்த லண்டனில் ஒரு தமிழ் வீட்டில் இருந்தும் எனக்குக் கலியாணக் கார்ட் வந்ததில்லை. என்னை எவரட் வீட்டில் சாப்பாட்டு மேசையில் இருத்தினார்கள். எவரட் செத்தபோது நான்தான் சவப்பெட்டியின் முன்பக்கம் பிடித்தேன்.

ஊருக்குச் சொன்ன சொல்லை ஊருக்கு முன்னால்தான் திரும்ப எடுக்க வேண்டும். அது உங்களால் ஏலாது, எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அடுத்தவன் கட்டிலுக்குக் கீழே கிடந்த பெட்டியை எடுத்து, முப்பத்தேழு வருஷம் தன் வீட்டில் வைத்திருந்தவர் யார்? களவு மால் உண்மையில் யார் வீட்டில் கிடந்தது?

இதற்கு மேல் எழுத வேண்டாம்.

பாலேந்திரா


ரெய்னர்ஸ் லேன்
25 ஜூலை 2025

தம்பி பாலேந்திரா,

எழுத வேண்டாம் என்றாய். செய்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் நடராஜா அண்ணையிடம் போனேன். இப்போது எண்பத்துநாலு. "பாலேந்திரா கள்ளன் எண்டு நான் உங்களுக்குச் சொன்னது பொய் அண்ணை" என்றேன். "ஆர் பாலேந்திரா?" என்று கேட்டார். நான் சொன்ன பொய் அவருக்கு மறந்துவிட்டது, உன்னையும் சேர்த்து மறந்துவிட்டார். இருந்து முழுக்கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அதுக்கு இப்ப என்ன?" என்றார். எனக்கு அவருடைய கையில் இருந்த பேப்பரைப் பறித்துக் கிழிக்க வேண்டும் போல இருந்தது. இந்த மனிதர் பார்த்துவிடுவார் என்றுதானே நான் கதவைச் சாத்தினேன்!

போன வெள்ளிக்கிழமை கோயிலில் அன்னதானப் பந்தியில் எழும்பி நின்று சத்தமாகச் சொன்னேன். என்னுடைய தம்பி கள்ளன் இல்லை, நான் பொய் சொன்னேன், தெரிந்துகொண்டே சொன்னேன் என்று. சனம் கரண்டியைப் பிடித்தபடி பார்த்தது. "ஐயாவுக்குச் சீனி இறங்கிப்போச்சு போலை, ஜூஸ் குடுங்கோ" என்று ஒரு பெண் ஓடிவந்தாள். ஜூசைத் தட்டிவிட்டேன். மறுபடியும் முதலில் இருந்து சொன்னேன். இரண்டாம் தரம் எல்லாருக்கும் விளங்கியது. ஒருவரும் என் பக்கத்தில் இருந்து சாப்பிடவில்லை.

நேற்று பிரமிளாவின் சந்தை வண்டிலில் பெட்டியை வைத்து, மூன்று ரயில் மாறி லூயிஷாம் போனேன். சனிக்கிழமை வராதே என்றாய், வியாழக்கிழமை போனேன். ஜோய்ஸ் என்னை அடையாளம் கண்டு சிரித்தா. "உங்கள் அப்பா வந்த வீடு என்னுடையது" என்று சொன்னேன். அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே போய் அறைக் கதவை மூடினா. நான் வண்டிலைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். கால் மணித்தியாலம் இருக்கும். அவ்வளவு நேரம் நின்றது காணாது, இன்னும் நிற்க வேண்டும் என்றுதான் எனக்குப் பட்டது.

ஜோய்ஸ் திரும்பி வரும்போது கையில் ஒரு அட்டையும் பேனையும் இருந்தது. பொருளைக் கொண்டுவந்தவர்தான் எழுத வேண்டும் என்றா. இந்தமுறை தேத்தண்ணி தரவில்லை. தமிழிலும் இங்கிலிசிலும் எழுதினேன். இதுதான் அது.

'இந்த அறுபது தட்டும் பாலேந்திராவின் சொந்தத் தட்டுகள். இவற்றை எடுத்து வைத்திருந்தவன் அவனுடைய அண்ணன் இராஜேந்திரன், ரெய்னர்ஸ் லேன். தம்பியைக் கள்ளன் என்று வீட்டை விட்டுத் துரத்தினேன். அவன் கள்ளன் இல்லை என்று எவரட் என் வாசலில் நின்று காட்டினார். எனக்கு விளங்கியது. விளங்கிய பிறகு கதவைச் சாத்தினேன். எங்கள் அம்மாவுக்கும் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை.'

ஜோய்ஸ் வாசித்துவிட்டு, "சங்கிலியைக் காணவில்லை" என்றா. வாங்கி அதையும் எழுதினேன். 'கதவில் சங்கிலி போட்டிருந்தேன்.' அந்த இரண்டு தட்டுக்குப் பக்கத்தில், என் கண் முன்னால் ஆணி அடித்து மாட்டினா.

எனக்கு உன் மேலும் ஒரு கோபம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த அட்டையில் நீ ஏன் என்னைக் காப்பாற்றினாய்? நான் உன்னைக் காப்பாற்றினேனா? நீ அதைச் சொல்லி எழுதின கடிதத்தை வாசித்த நாள் தொடக்கம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனி நீயாக எழுதினால் ஒழிய எழுத மாட்டேன்.

இராஜேந்திரன்


பிளேஸ்டோ
29 ஜூலை 2025

சனிக்கிழமை போய் அட்டையை வாசித்தேன். நின்றும் வாசித்தேன், கதிரையை இழுத்துப் போட்டு இருந்தும் வாசித்தேன். ஒரு ஜமேக்காக் கிழவர் எனக்குப் பக்கத்தில் நின்று வாசித்துவிட்டு, "இந்த மனிசனுக்கு நல்லாய் வேணும்" என்றார். "ஓம்" என்றேன்.

கோபம் போகவில்லை. போய்விடும் என்று நினைத்துக்கொள்ளவும் வேண்டாம். நீங்கள் பந்தியில் எழும்பி நின்றதால் அம்மா எழும்பி வரப்போவதில்லை. எவரட்டும் வரமாட்டார். அவர் செத்துப் பதினொரு வருஷம். அதற்கு முதல் இதைச் செய்திருந்தால் அவராவது வாசித்திருப்பார். 

பெட்டியைத் திறந்து பார்த்தேன். பெயர் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு தட்டும் எனக்குத் தெரியும், நான் சுரண்டின அடையாளங்கள்தானே. இரண்டு வளைந்துவிட்டது. மிச்சம் ஐம்பத்தெட்டும் பழுதில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் தமிழ்ப் பேப்பர் மடித்து வைத்திருக்கிறீர்கள். அந்தப் பேப்பர்களில் திகதி இருக்கிறது. 1994 இருக்கிறது, 2003 இருக்கிறது, 2016 இருக்கிறது, போன வருஷத்ததும் இருக்கிறது. பொலிசுக்குச் சாட்சி காட்ட வைத்திருக்கிற சாமானுக்கு யாரும் ஈரம் பிடிக்காமல் தாள் மாற்றிக்கொண்டிருப்பதில்லை. இவ்வளவு கடிதம் எழுதினீர்கள், இதை ஏன் எழுதவில்லை? நீங்கள் எப்போதும் இப்படித்தான். சொல்ல வேண்டியதைச் சொல்லமாட்டீர்கள், சொல்லக்கூடாததை ஊர் முழுக்கச் சொல்வீர்கள்.

அம்மாவின் கடிதத்தை ஜோய்சுக்கு வாசித்துக் காட்டினேன். எடுத்ததைத் திருப்பிக் குடுத்திடு என்று அம்மா கேட்டது நடந்துவிட்டது, குடுத்த ஆள்தான் வேறை என்று சொன்னேன். அவ என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தா. நான் இத்தனை வருஷத்துக்குப் பிறகு அம்மாவுக்காக அழுதேன். அதற்கும் நீங்கள்தான் காரணம், நல்லதோ கெட்டதோ.

வருகிற சனிக்கிழமை அந்தத் தெருவை மறித்து, செட்டை வெளியில் கொண்டுபோய் வைத்துப் போடுகிறோம். உங்கள் பெட்டியில் இருந்து, இல்லை, என்னுடைய பெட்டியில் இருந்துதான் முதல் தட்டு. பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை வெளியே எடுக்க ஆள் காணாது, எல்லாருக்கும் வயதாகிவிட்டது. எவரட்டின் காலத்தில் இருந்து ஒரு வழக்கம் இருக்கிறது. செட்டில் கடைசியாகச் சேருகிறவன்தான் பெட்டி தூக்க வேண்டும். நானும் அப்படித்தான் தொடங்கினேன், நீங்கள் என்னைப் பார்த்து இதுவா படிக்க வந்தவனின் வேலை என்று கேட்ட அந்த வேலை.

பத்து மணிக்கு வாங்கோ. ஜோய்ஸ் உங்களோடை கதைக்கமாட்டா. நானும் கனக்கக் கதைக்கமாட்டன். சாப்பிட்டிட்டு, மருந்தைப் போட்டுக்கொண்டு வாங்கோ. ரொய்லெட் எங்கை எண்டு உங்களுக்குத் தெரியும். ஒரு பெட்டிக்கு ரெண்டு பேர், பாரமான பக்கம் நான் பிடிக்கிறன். முதுகை வளைச்சுத் தூக்கினால் பிடிச்சுக்கொள்ளும். முழங்காலை மடிச்சுத் தூக்குங்கோ, அண்ணை.

பாலேந்திரா